ஒரு குச்சி, ஒரு நோட்டு, நாற்பது நாள்

முழுப்பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, புத்தகப் பையைக் கூடத்து மூலையில் எறிகிற அந்த ஒரு வீச்சிலேயே, ஜூன் மாதம் பிறக்கும் வரையில் அந்தப் பைக்கும் தனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை வீட்டாருக்குத் திட்டவட்டமாக அறிவித்துவிடுகிறது. அறிவிப்பைக் கேட்ட தாய் தந்தையரோ, எதிரே நீண்டு கிடக்கும் பெரும்பொழுதைக் கைப்பேசியும் தொலைக்காட்சியும் விழுங்கிவிடுமே என்ற பயத்தில், அபாகஸ் வகுப்பு, நீச்சல் வகுப்பு, கோடை முகாம் என்று தெருவில் எந்தத் தட்டி கட்டியிருந்தாலும் அதன் அடியிலுள்ள தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். வசதியுள்ளவர்கள் பணம் கட்டிச் சேர்க்கிறார்கள். இல்லாதவர்கள் பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டதாக மனம் நொந்துகொள்கிறார்கள். அந்த வருத்தம் அநாவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை எனக்கு வந்தது, முதலில் நன்றாகத் தோற்ற பிறகுதான். என் மகன் நான்காம் வகுப்பு முடித்த வருஷத்தில், காலை ஏழு முதல் எட்டு வரை கையெழுத்து, எட்டரை முதல் வாய்ப்பாடு, பத்து மணிக்கு ஆங்கிலக் கதைப் புத்தகம், மாலையில் ஓவியம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்துப் பீரோக் கதவில் ஒட்டினேன். ஐந்தாம் நாள் அட்டவணையைக் காணோம். தேடிப் பார்த்தபோது அது வாசல் திண்ணையில், என் எழுத்து தரையைப் பார்க்க, வெறும் பக்கம் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. அந்த வெறும் பக்கத்தில், தெருப் பிள்ளைகளின் கிரிக்கெட் ஆட்டக் கணக்கு, ஆடியவர் பெயர், எடுத்த ஓட்டம், சந்தித்த பந்து, அவுட் ஆன விதம் என்று நான்கு பத்தி பிரித்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப்பட்டிருந்தது. நான் ஏழு மணிக்கு வாங்க முயன்ற கையெழுத்து அங்கே இருந்தது. எட்டரை மணிக்கு வாங்க முயன்ற கூட்டலும் வகுத்தலும் அங்கே இருந்தன. கோபம் வந்தது; அது தணிந்த பிறகு புத்தியும் சிறிது வந்தது. தன்னுடையது என்று நினைத்த காரியத்துக்குப் பிள்ளை எத்தனை சிரத்தையோடும் கணக்கு எழுதும் என்பதை, நான் வரைந்த அட்டவணையின் முதுகிலேயே எழுதிக் காட்டிவிட்டான்.

ஆகவே, விடுமுறைக்கு வீட்டில் ஒரு கல்விக் காரியம் திட்டமிடுவதென்றால், நேரத்தைத் துண்டு போடுவதிலிருந்து தொடங்கக் கூடாது. ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் பத்துக் கேள்விகள் அல்ல, ஒன்று. நாற்பது நாள் தாங்கும் கேள்வியாக, வீட்டிலோ வாசலிலோ கிடைக்கும் பொருளைக் கொண்டு விடை தேடக்கூடியதாக, கூடுமானவரையில் பெற்றோருக்கும் விடை தெரியாததாக அது இருந்துவிட்டால் விசேஷம். பள்ளிக்கூடத்தில் ‘புராஜெக்ட்’ என்ற பெயரில் நடப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கவே கூடாது. அந்தப் புராஜெக்ட் என்பது, நாளைக் காலையில் கொடுக்க வேண்டும் என்று இரவு எட்டு மணிக்குப் பிள்ளைக்கு ஞாபகம் வருவது, தகப்பனார் கடை சாத்துமுன் ஓடித் தெர்மோகோலும் மினுக்குத் தாளும் வாங்கி வருவது, தாயார் பதினோரு மணி வரையில் விழித்திருந்து எரிமலை செய்வது, பிள்ளை தூங்குவது. அதில் கற்றவர் யார் என்று கேட்டால், எரிமலையைப் பற்றித் தாயாருக்குச் சிறிது தெரிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் வெற்றிகரமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தமக்கையின் மகள் அப்போது ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். மயிலாப்பூர்ப் பக்கம் அவர்கள் வீடு. சித்திரை மாதத்தில் ஒருநாள் சென்னையில் நடுப்பகலில் நிழலே விழாது என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, “அது எப்படி மாமா, நிழல் இல்லாம இருக்கும்? வெயில் இருக்குமே?” என்று கேட்டாள். எனக்கும் காரணம் பாதிதான் தெரியும். “நீயே பாரேன்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தத் தப்பித்தலே உத்தமமான உபாயம் என்பது பின்னால்தான் விளங்கிற்று.

அவ்வருஷம் பரீட்சை சீக்கிரமே முடிந்திருந்தபடியால், சித்திரை முதல் தேதியன்றே வேலை ஆரம்பமாகிவிட்டது. பரணில் கிடந்த பழைய ஜன்னல் கதவுப் பலகை ஒன்றின் நடுவே துளையிட்டு, பலகைக்கு மேல் சரியாக நூறு சென்டிமீட்டர் நிற்கும்படி ஒரு மூங்கில் குச்சியை நாட்டி ஆப்பு அடித்து, மொட்டைமாடியில் வைத்து, நடுப்பகலில் அதன் மிகக் குறுகிய நிழலை அளந்து நோட்டில் எழுதுவது என்று ஏற்பாடு. மூன்றாம் நாள், எதிர்வீட்டில் பூச்சு வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி ஒருவர் கைப்பிடிச் சுவருக்கு அப்பாலிருந்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக் குச்சியைப் பார்த்து, “பாப்பா, குச்சி சாஞ்சிருக்கும்மா” என்றார். இவள் ஒப்புக்கொள்ளவில்லை. “மொட்டைமாடித் தரையில வாட்டம் விட்டிருப்பாங்க, மழைத்தண்ணி வடிய வேணாமா? பலகையும் அப்படியேதான உக்காந்திருக்கும்” என்று சொல்லித் தம்முடைய ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கொண்டுவந்து காட்டினார். ரசமட்டத்தின் குமிழ் ஒருபக்கமாக ஓடிற்று. பலகையின் ஓர் ஓரத்துக்கு அடியில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, குமிழ் நடுவில் வந்து நிற்கும் வரை அவள் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. மூன்று நாள் அளவுகளையும் அடித்துவிட்டு, அடித்ததன் காரணத்தையும் பக்கத்திலேயே எழுதினாள். அந்த அடித்த வரிகள்தான் அந்த நோட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை.

அதன் பிறகு நிழல் ஒழுங்காக நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகக் குறுகிக்கொண்டே வந்தது. பேப்பரில் சொன்ன ஏப்ரல் 24ஆம் தேதி வந்தது. கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் மாடிக்கு ஓடியவள், போன வேகத்தில் இறங்கி வந்து, “பேப்பர்ல போட்டது பொய் மாமா, மூணு சென்டிமீட்டர் இருக்கு, அதுவும் மேற்கால!” என்றாள். நிழல் மேற்கே விழுகிறதென்றால் சூரியன் இன்னும் கிழக்கே அல்லவா இருக்கிறது என்று அவளுடைய பாட்டிதான் சொன்னாள். மறுபடியும் ஓடினோம். பன்னிரண்டு மணி ஏழு நிமிஷத்துக்குக் குச்சியின் நிழல் குச்சிக்குள்ளேயே ஒடுங்கிற்று. பக்கத்தில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரின் நிழல் டம்ளருக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அந்த இரண்டு மூன்று நிமிஷ நேரம், மொட்டைமாடியில் நின்ற நாங்கள் மூவரும் எங்கள் காலடியில் மட்டும் சிறு கறுப்பு வட்டத்தை வைத்துக்கொண்டு, பேசாமல் நின்றிருந்தோம்.

அந்த ஏழு நிமிஷத்தின் கதை ஒரு முழுப் பூகோளப் பாடம். இந்தியா முழுவதற்கும் பொதுவான கடிகார நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்க ரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது, சென்னையோ 80¼ டிகிரியில் இருக்கிறது, ஒரு டிகிரியைக் கடக்கச் சூரியனுக்கு நான்கு நிமிஷம் பிடிக்கிறபடியால் ஒன்பது நிமிஷம் பிந்த வேண்டும், ஆனால் சூரியன் வருஷம் முழுவதும் கடிகாரத்தைப் போல் ஒரே சீராக நடப்பதில்லை, சித்திரையில் இரண்டு நிமிஷம் முந்திக்கொள்கிறது, ஆக ஏழு. இதை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் கொட்டாவி விட்டிருப்பாள். ‘ஏன் ஏழு’ என்ற கேள்வி அவளுடையதாக இருந்ததால், விடையைத் தேடி இரண்டு நாள் அலைந்தாள்.

இதற்குள் நாகர்கோவிலிலிருக்கும் அவளுடைய அத்தை மகனும் இந்த ஆட்டத்தில் சேர்ந்துகொண்டிருந்தான். அதே 24ஆம் தேதி, அங்கே உச்சிப்பொழுதான பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிஷத்துக்கு, அதே நூறு சென்டிமீட்டர் குச்சிக்கு அவன் அளந்த நிழல் ஒன்பது சென்டிமீட்டர், தெற்கு நோக்கி. சூரியன் சென்னைக்கு நேர் மேலே நிற்பதால், தெற்கே இருக்கிறவனுக்கு அது சிறிது வடக்கே சாய்ந்து தெரிகிறது. இந்த இரண்டு அளவையும் வைத்துக்கொண்டு பூமியின் சுற்றளவையே கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் வேடிக்கை. இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்னும் அறிஞர் செய்தது இதையேதான்: தெற்கே சையீன் நகரத்தில் நிழல் விழாத நாளில், வடக்கே அலெக்ஸாந்திரியாவில் நிழல் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்திருப்பதைக் கண்டு, இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினார்.

எங்கள் வீட்டு எரட்டோஸ்தனிஸ், நோட்டில் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கோடும் அதன் அடியில் 1.8 சென்டிமீட்டர் கோடும் போட்டு, முக்கோணத்தின் உச்சியில் கோணமானியை வைத்துப் பார்த்தாள், ஐந்து டிகிரி. இரண்டு ஊரிலும் நட்ட குச்சிகளைப் பூமிக்குள்ளே நீட்டினால் மையத்தில் போய்ச் சந்திக்கும் அல்லவா, அங்கே அமையும் கோணமும் அதே ஐந்து என்பதற்கு, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று வகுப்பில் நெட்டுருப் பண்ணியது கைகொடுத்தது. வட்டத்துக்கு 360 டிகிரி. ஐந்தால் வகுத்தால் 72. தூரத்துக்கு மட்டும் ஒரு தகராறு. சாலை வழியில் எழுநூறு கிலோமீட்டர் என்றான் பையன். நாகர்கோவில் சென்னைக்கு நேர் தெற்கே இல்லை, மேற்கே ஒதுங்கி இருக்கிறது, நமக்கு வேண்டியது வடக்கு தெற்காக உள்ள தூரம் மட்டும் என்று இவள் வாதாடி, தேசப்படத்தின் மேல் ஸ்கேலை வைத்து ஏறத்தாழ 540 கிலோமீட்டர் என்று எடுத்தாள். எழுபத்திரண்டால் பெருக்க 38,880 வந்தது. புத்தகத்தில் உள்ளது ஏறக்குறைய 40,000. பிசகு எங்கே என்று இருவரும் தொலைபேசியில் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். நிழலை அளப்பதில் அரை சென்டிமீட்டர் தவறினால் விடை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும் என்று கண்டுபிடித்த பிறகு சமாதானமானார்கள்.

இந்தச் சமயத்தில் நான் சொன்ன ஒரே ஒரு சமாசாரம், லாம்டன் என்ற ஆங்கிலேயர் 1802ஆம் வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி, இதே சென்னையில் பரங்கிமலையடியில் சங்கிலியை விரித்து, ஏழரை மைல் நீளமுள்ள ஓர் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார் என்பது. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மகத்தான நில அளவைக்கு அதுவே வித்து. பூமியின் வடிவத்தையும் பருமனையும் அறிவதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. வெயிலில் எஃகுச் சங்கிலி நீளுமே என்பதற்காக அதற்கு நிழல் கட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்துக் கணக்கில் கழித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைப் பரங்கிமலைக்கு அழைத்துப்போக வேண்டியதாயிற்று.

நிழல் கணக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவரும் என்று நான் சாதிக்கவில்லை. கணக்கென்றால் காத தூரம் ஓடுகிற பிள்ளைக்குச் சமையலறை இருக்கிறது. நம்முடைய வீடுகளில் கோடைகாலம் என்பதே வற்றல், வடகம், மாவடு, ஊறுகாய் ஆகியவற்றின் காலம்; அதாவது உப்பும் வெயிலும் சேர்ந்து நடத்தும் ரசாயன சாலை. கூழ் வடகம் பிழிகிற நாளில், காகம் ஓட்டுவதற்கென்று மாடியில் பிள்ளையை உட்கார்த்தி வைப்பது நெடுநாள் வழக்கம். அந்தப் பிள்ளையின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிற பட்சிகள் எவை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதச் சொன்னால், காவலும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடக்கின்றன. பிழிந்த கூழின் எடை என்ன, இரண்டாம் நாள் மாலையில் என்ன, நான்காம் நாள் என்ன என்று தராசில் போட்டுப் பார்த்தால், எடை குறைவது எப்போது நின்றுபோகிறதோ அப்போதுதான் பாட்டியும் ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்கிறாள் என்பது தெரியவரும். மாவடு இன்னும் ஆச்சரியமானது: ஜாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை, உப்பை மட்டுமே போட்டுக் குலுக்குகிறோம், இரண்டு மூன்று நாளில் வடு சுருங்கித் தன் சொந்த நீரிலேயே மிதக்கிறது. தோலைக் கிழிக்காமல் தண்ணீர் வெளியே வந்த மர்மத்துக்குச் சவ்வூடு பரவல் என்று பெயர் என்பதைப் பிற்பாடு பள்ளிக்கூடம் சொல்லிக்கொள்ளட்டும்.

மண்பானையும் அப்படியே. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது; அது 58 கிராம் தண்ணீரைப் பத்து டிகிரி குளிரச் செய்யப் போதுமானது. பானையைக் காலையிலும் மாலையிலும் எடை போட்டால், கசிந்து காணாமற்போன தண்ணீரின் கணக்கு கிடைக்கும். மதுரையில் சில்லென்று இருக்கும் பானைத் தண்ணீர் சென்னையில் ஏன் அத்தனை குளிர்வதில்லை என்பதற்கு, கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் ஆவியாதல் மந்தப்படுகிறது என்ற விடையைப் பிள்ளை தானே எட்டிவிடக் கூடும்.

கத்திரி வெயிலையும் பரிசோதிக்கலாம். பஞ்சாங்கப்படி மே 4 முதல் 28 வரையில் அக்கினி நட்சத்திரம். அதுதான் உச்சமான வெயில் என்பது உலக வழக்கு. ஆனால் சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது 2003ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், கத்திரி கழிந்த பிறகு. மாடிக் கம்பியில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டி, கடற்காற்று எத்தனை மணிக்கு வந்து அதைத் திருப்புகிறது என்று நாள்தோறும் குறித்து, மறுநாள் பத்திரிகையில் வரும் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்து வெப்ப அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளை, பஞ்சாங்கத்துக்கும் காற்றுக்கும் உள்ள வழக்கில் தானே ஒரு தீர்ப்புச் சொல்லலாம்.

சரித்திரத்தில் ருசியுள்ள பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியே போதும். பரணிலிருந்து படியையும் ஆழாக்கையும் இறக்கி, எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது மெய்தானா, அந்தப் படி எத்தனை மில்லி லிட்டர் என்று தண்ணீர் ஊற்றி அளக்கலாம்; 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது கடையில் என்ன குழப்பம் நடந்தது என்று எண்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டு எழுதலாம். பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு அதுவும் ஒரு விடுமுறை.

இவற்றில் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். பெரும்பாலும் செய்யாமல் இருப்பதுதான். அது செய்வதைவிடக் கடினம். 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையாருக்கு, யுத்தத்தின் காரணமாக 1946 வரையில் இந்தியாவிலேயே தங்கும்படி நேர்ந்தது. குழந்தையின் கை செய்யக்கூடிய வேலையைப் பெரியவர்களின் கை பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதே அவருடைய போதனையின் சாரம். குச்சி சாய்ந்திருப்பது எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் நான் நிமிர்த்தி வைத்திருப்பேன். மேஸ்திரியின் பாடம் நடந்தே இராது. எட்டு வயதுக்குள்ளான பிள்ளைக்கு எண்ணுவதும் படம் வரைவதும் போதும். அதற்கு மேற்பட்டவர்கள் அளக்கட்டும், பதின்மூன்று வயதானவர்கள் சண்டை போடட்டும். வேலை நாளொன்றுக்கு அரைமணிக்கு மேல் வேண்டாம். ஒருநாள் விட்டுப்போனால், அந்த நாளின் இடத்தை வெறுமையாகவே விடச் சொல்லுங்கள். நேற்றையதைப் பார்த்து இன்றையதை ஊகித்து நிரப்புகிற பழக்கம் ஒன்றைத்தான் நான் கண்டிப்பேன். நடுப்பகலில் மாடிக்குப் போகிற பிள்ளையின் காலில் செருப்பும் தலையில் தொப்பியும் இருக்க வேண்டும். நிழலைப் பார்க்கலாமேயொழிய, சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது.

ஏப்ரலைத் தவறவிட்டவர்கள் விசாரப்பட வேண்டாம். சூரியன் தெற்கே திரும்பும் வழியில், ஆகஸ்டு 18ஆம் தேதியையொட்டிச் சென்னைக்கும், 27ஆம் தேதியையொட்டி மதுரைக்கும், செப்டம்பர் முதல் தேதியையொட்டிக் கன்னியாகுமரிக்கும் மறுபடி நேர் உச்சியில் வருகிறது. அன்று மேகம் இல்லாதிருந்தால் சரி.